கவனமெல்லாம் எங்கே போகிறது?

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை ரிப்போர்ட் கார்டுகளை அம்மா ஒரே தகரப் பெட்டியில் வைத்திருக்கிறாள். என்னுடையதும், அக்கா மகனுடையதும். நடுவில் ஏகப்பட்ட வருஷம் ஓடிவிட்டது. பள்ளிக்கூடம் வேறு, டீச்சர்கள் வேறு. எழுதியிருப்பது மட்டும் ஒன்றேதான்: பையன் புத்திசாலி, கவனம்தான் போதாது.

இந்தப் பதிவு அந்த "கவனம் போதாது" பற்றியது. எனக்கும் மருமானுக்கும் டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் வருகிற கற்றல் சிக்கல். அவனுக்கு நாலாவது படிக்கும்போது தெரிந்தது. பரிசோதனைக்குப் போன இடத்தில் சைக்காலஜிஸ்ட், "குடும்பத்துல வேற யாருக்காவது படிக்கிறதுல கஷ்டம் உண்டா?" என்று கேட்க, அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிய வந்த கதை அவ்வளவுதான். இது பரம்பரையாக ஓடுவது; அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி என்கிறார்கள். அக்காவுக்கு இல்லை, தடித்த நாவலை ராத்திரியோடு ராத்திரியாக முடிப்பவள். அப்பா கடைசிவரை பேப்பரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு "தலைப்பு மட்டும் படிம்மா" என்று அம்மாவிடம் கொடுப்பார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் பெங்களூரில் சைட் இன்ஜினியர். வீடு அல்சூர், தாத்தா ராணுவத்தின் எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். இந்தப் பதிவைக்கூட விரலால் தட்டவில்லை, போனில் பேசித்தான் எழுதுகிறேன். பிறகு போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். ல, ள, ழ மூன்றையும் அது தன் இஷ்டத்துக்குப் போடும், காதால் கேட்டால் அந்தப் பிழை பிடிபடாது. அதனால் கடைசியில் அக்கா ஒரு தடவை பார்த்துத் தருவாள். பிழை மிச்சமிருந்தால் அவளைக் கேளுங்கள்.

டிஸ்லெக்சியா என்றதும் எழுத்து தலைகீழாகத் தெரியும், பக்கத்தில் குதிக்கும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். எனக்கு எழுத்து என்றைக்கும் நேராகத்தான் தெரிந்தது. ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிற மையச் சிக்கல் ஒலியில் இருக்கிறது. 'மரம்' என்று காதில் விழுவதை ம், அ, ர், அ, ம் என்று துண்டு துண்டாக உணர வேண்டும். ஒவ்வொரு துண்டையும் தாளில் உள்ள வடிவத்தோடு சட்டென்று பொருத்த வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு இந்தப் பொருத்தம் சில வருஷப் பழக்கத்தில் தானாக நடக்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு படிக்காமல் இருக்க அவர்கள் நினைத்தாலும் முடியாது, கண்ணில் பட்ட போர்டெல்லாம் உள்ளே போய்விடும். எங்களுக்கு அது முழுசாகத் தானாக நடக்கிற நிலைக்கு வருவதே இல்லை. மூளையின் இடது பக்கம், பின்புறத்தில், எழுத்துக் கோவையை ஒரே பார்வையில் சொல்லாகப் பிடிக்கும் பகுதி ஒன்று உண்டு. படிக்கும்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு அந்தப் பகுதியில் சுறுசுறுப்பு குறைவு.

பெங்களூரில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. சம்பளம் ஒன்றும் குறைச்சலில்லை. ஆனால் ஒண்ணாம் தேதியே பாதிக்கு மேல் வாடகைக்குப் போய்விடும். மிச்சத்தில்தான் மளிகை, பெட்ரோல், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம். கவனமும் அந்தச் சம்பளம் மாதிரிதான்: படிக்க உட்கார்ந்தால் எங்கள் கவனத்தில் பெரும்பங்கு எழுத்தை ஒலியாக்குவதற்கே போய்விடுகிறது. போன வரியில் என்ன சொன்னார்கள், கேள்வி எதைக் கேட்கிறது, கணக்கில் கூட்டலா கழித்தலா, இதற்கெல்லாம் கைவசம் இருப்பது மிச்சம்தான். வெளியிலிருந்து பார்க்கும் டீச்சருக்கு அந்த மிச்சம் மட்டும் தெரிகிறது, "போதாது" என்று எழுதிவிடுகிறார்.

இதைப் பார்க்க லேப் தேவையில்லை. மருமானிடம் சயின்ஸ் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் கொட்டாவி விடுவான், நாற்காலியை ஆட்டுவான், தண்ணீர் குடிக்கப் போவான். அதே பக்கத்தை அக்கா உரக்க வாசித்தால் நடுவில் நிறுத்தி, "அப்போ செடிக்கு ராத்திரில பசிக்காதா?" என்று கேட்பான். கவனமில்லாத பிள்ளை கேட்கிற கேள்வியா அது? 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய டாக்டர், படிக்கவே வராத 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அதில் சேர்த்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தச் சிக்கல் இருப்பதை முதன்முதலில் பதிவுசெய்த கட்டுரைகளில் அது ஒன்று. அன்றைக்கு அந்த ஆசிரியருக்குத் தெரிந்தது என் ஆசிரியருக்குத் தெரியவில்லை. அதை விடுங்கள்.

என் வேலையில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பார் பெண்டிங் ஷெட்யூல் என்று ஒரு அட்டவணை உண்டு. எந்த பீமுக்கு எத்தனை எம்.எம். கம்பி, எத்தனை துண்டு, வெட்டு நீளம் எவ்வளவு, எல்லாம் வரிவரியாக எண்கள். 12 எம்.எம். வரியில் ஆரம்பித்து, கண் கட்டத்துக்குக் கட்டம் நகர்ந்து, 16 எம்.எம். வரியில் போய் இறங்கியிருக்கும். வரி மாறியதே எனக்குத் தெரியாது. அதே பீம் டிராயிங்கில் இருந்தால் எந்தத் தொந்தரவும் இல்லை, கம்பி எங்கே மடங்குகிறது, எது எதன் மேல் போகிறது என்று மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அட்டவணைக்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன்: கெட்டி அட்டையில் ஒரு வரி உயரத்துக்கு ஜன்னல் வெட்டி, அதைத் தாளின் மேல் நகர்த்திக்கொண்டே போவது. எங்கள் கம்பி மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர். "சார் சினிமா பாக்கறாரு, யாரும் பேசாதீங்க" என்பார். நிஜமாகவே அப்போது யாரும் பேசாமல் இருப்பது எனக்குப் பெரிய உதவி.

சத்தம்தான் அடுத்தது. இதைப் பற்றி வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. ஸ்லாப் போடுகிற அன்று மிக்சர் ஒரு பக்கம், வைப்ரேட்டர் ஒரு பக்கம், பக்கத்து மாடியில் டைல் கட்டர். அந்த நேரத்தில் எதிரில் நிற்பவர் பேசினால் குரல் கேட்கும், சொல் பிரியாது. காது டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன், எல்லாம் நார்மல். பிறகுதான் படித்தேன் (படிக்கச் சொல்லிக் கேட்டேன் என்பது சரி): 2009-ல் பிரான்சில் யோஹன்னஸ் ஸீக்லர் குழு டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சு ஒலிகளைப் போட்டுக் காட்டியிருக்கிறது. அமைதியான அறையில் மற்றப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாகச் சொன்னார்கள். பின்னணியில் இரைச்சல் சேர்த்ததும் பின்தங்கினார்கள். பார்வையிலும் இப்படி ஒன்று உண்டு. திரையில் ஒரு உருவத்தைத் தனியாகக் காட்டினால் வித்தியாசமில்லை, மேலே புள்ளிப் புள்ளியாகக் கலங்கல் போட்டால் தடுமாற்றம் என்று 2005-ல் அமெரிக்காவில் ஸ்பெர்லிங்கும் அவர் குழுவும் காட்டினார்கள். வேண்டாததை ஒதுக்கித் தள்ளுவதற்கு எங்களுக்குக் கூடுதல் உழைப்பு ஆகிறது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம்.

இன்னொன்று குரல். புது ஆள் போனில் பேசினால் முதல் இரண்டு நிமிஷம் எனக்குப் பாதிதான் பிடிபடும். என் இந்திதான் மோசம் என்று நினைத்திருந்தேன், தமிழில் பேசினாலும் அப்படித்தான். 2016-ல் பெராச்சியோனி, காப்ரியேலி குழுவினர் மூளை ஸ்கேனில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஒரே குரல் திரும்பத் திரும்பச் சொல்களைச் சொன்னால், பொதுவாக மூளை அந்தக் குரலுக்குச் சீக்கிரம் பழகி, உழைப்பைக் குறைத்துக்கொள்ளும். டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மூளையில் அந்தக் குறைப்பு மிகவும் கம்மி. திரும்பத் திரும்பப் பார்த்த சொற்களுக்கும் படங்களுக்கும் அதே கதைதான். இஸ்ரேலில் மெராவ் அஹிஸார் அதற்குப் பத்து வருஷம் முன்பே வேறு சோதனையில் இதையே ஒட்டிய முடிவுக்கு வந்திருந்தார்: ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒலியை மாறாமல் திரும்பத் திரும்பக் கொடுத்தாலும் அதைப் பிடிமானமாக வைத்துக்கொள்ள இவர்களுக்கு வருவதில்லை என்று. அதாவது நேற்றுக் கேட்டது இன்றைக்குச் சலுகையாக வராது. கேட்டதும் எனக்கு ஒரு ஆறுதல். மேஸ்திரி பேச்சுக்குப் பழக எனக்கு ஒரு மழைக்காலமே ஆனது ஏன் என்று புரிந்தது.

இப்போது மருமானின் வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே மெயின் ரோடு, தலைக்கு மேல் லொடலொடக்கும் ஃபேன், நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை டீச்சர் மாறுகிறார். ஒருவர் மலையாள வாசனையோடு இங்கிலீஷ் பேசுவார், அடுத்தவர் பெங்காலி. ஒவ்வொரு பீரியட் தொடக்கத்திலும் அவன் புதுக் குரலுக்கு மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும், அது முடிவதற்குள் போர்டில் எழுதியதை அழித்துவிடுகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்துவிட்டுச் சோபாவில் குப்புற விழுவான். சோம்பேறி என்று அவன் அப்பா கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது சொல்வதில்லை.

இதற்கு நல்ல தீர்வு ஒன்று இருக்கிறது. அதை யாரும் நமக்கு விற்க வராததுதான் ஆச்சரியம். அமெரிக்காவில் நினா க்ராஸ் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வு அது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் ஒரு பள்ளி ஆண்டு முழுக்க வகுப்பில் காதில் ஒரு சின்னக் கருவி மாட்டிக்கொண்டார்கள். டீச்சர் சட்டையில் மைக். டீச்சர் குரல் மட்டும் இரைச்சலைத் தாண்டி நேராகக் காதுக்கு வரும். வருஷக் கடைசியில் பேச்சு ஒலிகளுக்கு அந்தப் பிள்ளைகளின் மூளை தரும் பதில் முன்னைவிட நிலையாக இருந்தது, ஒலிகளைப் பிரித்தறிவதும் படிப்பதும் முன்னேறியிருந்தது. பிள்ளையைத் திருத்தாமல், அவன் காதுக்கு வருவதைத் திருத்திய வேலை. அக்கா இதைப் பள்ளியில் சொல்லிப் பார்த்தாள். பட்ஜெட் இல்லை என்றார்கள். ஜன்னலை விட்டு, ஃபேனை விட்டு, முதல் வரிசைக்கு இடம் மாற்றித் தந்தார்கள். அதுவே ஓரளவு உதவியது என்பதால் நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனாலும் ஒரு மைக் வாங்க முடியாதா என்ற எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது.

பெங்களூர் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள ஒரு கூடுதல் சுமை எழுத்து வகைகள். மருமான் பள்ளியில் இங்கிலீஷ், கன்னடம், இந்தி. வீட்டில் பேச்சு தமிழ். தெருவில் போர்டு கன்னடத்தில். 'அக்கா' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள், கன்னடத்திலும் அதே உறவு, கடைசி நெடில் குறுகி 'அக்க' என்று வரும். தமிழில் எழுதினால் கண் இடமிருந்து வலமாக ஒரே கோட்டில் போகும், இரட்டித்த க்-குக்கு மேலே புள்ளி, அவ்வளவுதான். கன்னடத்தில் இரண்டாவது 'க' முதல் 'க'வுக்குக் கீழே போய் உட்காரும்; கண் கீழே இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டும். இந்தியில் பாதி எழுத்தும் முழு எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டி, தலைக்கு மேல் கோடு வேறு. இந்தியில் 'கி' எழுதினால் 'இ'க்கு உரிய குறி 'க'வுக்கு முன்னால் நிற்கும். கண் பார்க்கிற வரிசை ஒன்று, வாய் சொல்கிற வரிசை இன்னொன்று. கன்னடத்தில் 'வ'வும் 'ம'வும் ஒரே உடம்பு, 'ம'வுக்கு ஒரு சுழி கூடுதல். 'ப'வின் வயிற்றில் ஒரு கோடு போட்டால் 'ஷ'.

இந்த எழுத்துகளைப் படிப்பது இங்கிலீஷ் படிப்பதிலிருந்து வேறுபட்ட வேலை என்பதை முறையாக ஆராய்ந்தவர்களில் பெங்களூரைச் சேர்ந்த சோனாலி நாக் முக்கியமானவர். கன்னடம் படிக்கும் பிள்ளைகள் நாலாவது ஐந்தாவது வகுப்பிலும் எழுத்து வடிவங்களைச் சேர்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், 26 எழுத்தோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை என்று அவர் ஆய்வுகள் காட்டுகின்றன. சாதாரணப் பிள்ளைக்கே அவ்வளவு நாள் என்றால், ஒவ்வொரு எழுத்துக்கும் வாடகை கட்டுகிற பிள்ளைக்கு? மூன்றாவது மொழியிலிருந்து விலக்கு வாங்குவதைச் சிலர் தப்பித்தல் மாதிரி பேசுகிறார்கள். நாலு எழுத்து வகைகளையும் கண் எப்படி ஓட வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து பார்த்தால் அப்படிப் பேச மாட்டார்கள்.

சரி, இத்தனை தூரம் காது, கண், இரைச்சல் என்று சொல்லிவிட்டு, இப்போது கொஞ்சம் பிரேக் போடுகிறேன். ஏனென்றால் இந்த இடத்தில்தான் கடை விரிக்கிறார்கள். டிஸ்லெக்சியாவை முதலில் கவனித்தவர்களில் கண் டாக்டர்கள் முக்கியமானவர்கள். 1887-ல் அந்தப் பெயரை வைத்த ருடால்ஃப் பெர்லின் ஜெர்மானியக் கண் மருத்துவர். கிளாஸ்கோவில் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஹின்ஷெல்வுட்டும் கண் மருத்துவர்தான். அதனாலோ என்னவோ, கண்ணைச் சரிசெய்தால் படிப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை நூறு வருஷத்துக்கு மேலாகியும் போகவில்லை. பெற்றோர் வாட்ஸாப் குழுக்களில் கலர் கண்ணாடி, கலர் பிளாஸ்டிக் தாள், கண் பயிற்சி, காதில் போடும் விசேஷ இசை என்று வாரம் ஒன்று வரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-ல் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டார்கள்: கண் பயிற்சியோ கலர் லென்ஸோ டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று. அக்காவிடம் கலர் கண்ணாடிக்கு ஒரு பெரிய தொகை கேட்டபோது அந்த அறிக்கைதான் எங்களைக் காப்பாற்றியது.

புலன் சிக்கல்கள் உண்மை, ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. 2003-ல் ஃபிராங்க் ராமுவும் குழுவினரும் டிஸ்லெக்சியா உள்ள 16 பல்கலைக்கழக மாணவர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சோதித்தார்கள். ஒலித் துண்டுகளைக் கையாளும் சிக்கல் 16 பேருக்கும் இருந்தது. கேட்டல் சோதனைகளில் தடுமாறியவர்கள் 10 பேர், உடல் அசைவில் 4 பேர், பார்வையில் வெறும் 2 பேர். சின்ன ஆய்வுதான், ஆனால் இந்த விஷயத்தில் என் தலைக்குள் இருக்கும் வரைபடம் இதுதான். என்னை இரைச்சல் பாடாய்ப் படுத்தும். மருமானுக்கு இரைச்சலோடு நெருக்கமான எழுத்தும் சேர்ந்து தொல்லை. அக்காவின் தோழி ஒருத்திக்கு டிஸ்லெக்சியா, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் உட்கார்ந்து போனில் கணக்குப் பேசுவாள், ஒன்றும் ஆகாது. ஆகவே பையனுக்கு எது இடைஞ்சல் என்று பார்த்து அதை எடுத்துவிடலாம். படிப்புக்கு மருந்து வேண்டுமென்றால் ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் பொறுமையான பயிற்சிதான். ஆய்வுகளில் தொடர்ந்து தாக்குப்பிடித்து நிற்பது அது. பளபளப்பு இல்லாததால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

காசு செலவில்லாமல் உதவியது ஒன்று சொல்ல வேண்டும்: இடைவெளி. 2012-ல் இத்தாலியிலும் பிரான்சிலும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாமல் அங்கேயே வேகம் கூடியது, பிழை குறைந்தது. பக்கத்து எழுத்துகள் நெருக்கும்போது நடு எழுத்து கலங்கிப்போவது இவர்களுக்கு அதிகம். டிஸ்லெக்சியாவுக்கென்றே வரும் சிறப்பு எழுத்துருக்களை வாங்க வேண்டியதில்லை; அதில் உள்ள இடைவெளியைச் சாதாரண எழுத்துருவுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசமில்லை என்று பிறகு ஒரு ஆய்வில் தெரிந்தது. மருமானின் கேள்வித்தாள் மாதிரிகளை அக்கா இப்போது அப்படித்தான் பிரின்ட் எடுக்கிறாள். தாள் அதிகம் ஆகிறது, அவ்வளவுதான்.

இத்தாலியில் 2013-ல் வந்த இன்னொரு ஆய்வை மருமானே கண்டுபிடித்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டான். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளை 12 மணி நேரம் ஆக்‌ஷன் வீடியோ கேம் ஆடவிட்டார்கள், படிக்கும் வேகம் கூடியது, கவனத்தை இடம் மாற்றும் திறனும் கூடியது. "மாமா, சயின்டிஸ்டே சொல்லிட்டாங்க, அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க." ஆடிய குழுவில் இருந்தது 10 பிள்ளைகள்தான் என்று நான் பதில் அனுப்பினேன். "என்னைச் சேத்தா 11" என்றான்.

கவனக்குறைவுக் கோளாறு என்று தனியாக ஒன்று இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. ஏ.டி.எச்.டி. என்பார்கள். டிஸ்லெக்சியா உள்ளவர்களில் நூற்றுக்கு 25-லிருந்து 40 பேருக்கு அதுவும் சேர்ந்தே இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பிள்ளை நிலைகொள்ளாமல் தவிப்பது எங்கே என்று பாருங்கள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். படிப்பில் மட்டுமா, இல்லை கேரம் ஆடும்போதும், சாப்பிடும்போதும், கதை கேட்கும்போதுமா? மருமானுக்குப் படிப்பில் மட்டும். உங்கள் பிள்ளைக்கு எல்லா இடத்திலும் என்றால் அதையும் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் பாதி வேலைதான்.

டிஸ்லெக்சியாவுக்குத் தரும் சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு, டிஸ்லெக்சியா அதில்தான் வரும். 2018-ல் வந்த வழிகாட்டுதல் இப்படிச் சொன்னது: முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும், பிறகு ஐ.க்யூ., அதன் பிறகு நம்ம ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு. 8 வயதிலிருந்துதான் அப்போது சான்றிதழ். 14-லும் 18-லும் மறுபடி எடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. சி.பி.எஸ்.இ. பரீட்சையில் மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம். அந்த 20 நிமிஷத்தைச் சலுகை என்று சொல்கிற உறவினர்கள் எங்களுக்கும் உண்டு, கல்யாண வீடுகளில் சந்திப்போம்.

இப்போது வீட்டில் நடக்கிற தகராறு தமிழைப் பற்றி. "வீட்டுல தமிழ் பேசுறத நிறுத்திட்டு இங்கிலீஷ்லயே பேசுங்க, அப்பதான் குழப்பம் தீரும்" என்று பள்ளியில் ஒருவர் அக்காவிடம் சொன்னார். இது தவறான யோசனை. இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்சியா வருவதில்லை, ஒன்றை நிறுத்தினால் போவதும் இல்லை. எழுத்தில் அடி வாங்கிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்குச் சரளமாகக் கதையடிக்க ஒரு மொழி இருக்கிறது, அதையும் பிடுங்குவானேன்?

அம்மா அதற்கு எதிர்ப்பக்கம். இந்தக் கோடை லீவில் பேரனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தே தீருவேன் என்கிறாள். 247 எழுத்து அட்டவணை ஒன்றை வாங்கிவந்து ஹாலில் மாட்டியும் விட்டாள். அவனுக்கும் ஆசைதான், ஆயா போனில் அனுப்பும் மெசேஜை அவனே படிக்க வேண்டுமாம். நான் தடுக்கவில்லை. அட்டவணையைத்தான் எடுக்கச் சொல்கிறேன். அது வரிசையாக ஒப்பிப்பதற்கு நல்லது. கவனத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய பையனுக்கு 247 கட்டம் என்பது பார்த்தவுடனே தோல்வி.

என் திட்டம் இது. முதலில் எழுத்தே வேண்டாம், காது. சொல்லைத் தட்டிப் பிரிப்பது: பட்-டம், வா-சல், கத்-தி-ரிக்-காய். பேச்சின் தாளத்தைப் பிடிப்பதிலேயே இவர்களுக்குச் சிக்கல் தொடங்குகிறது என்று கேம்பிரிட்ஜில் உஷா கோஸ்வாமி பல வருஷமாகச் சொல்லிவருகிறார். கும்மி கொட்டினால் படிப்பு வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் அம்மாவுக்குக் கும்மி நன்றாக வரும், பையனுக்கும் பிடிக்கும், ஆரம்பிக்க அது போதும். அப்புறம் குறியே இல்லாத எழுத்துகளும் புள்ளி எழுத்துகளும் மட்டும்: கல், மரம், படம், பட்டம். அதிலேயே நிறையச் சொல் கிடைக்கும். பிறகு வலது பக்கம் வருகிற கால், மேலே சுழிகிற 'இ', 'ஈ'. இதுவரை கண்ணும் வாயும் ஒரே திசையில் போகும். 'உ', 'ஊ' வரிசை ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு உருவம், கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி. அதைப் பிரித்துப் பிரித்து, ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். கொம்பு எழுத்துகள் கடைசி. கெ, கே, கை எல்லாம் குறி முன்னால் நின்றுகொண்டு ஒலி பின்னால் வரும். 'கொ' இன்னும் மோசம், 'க'வுக்கு முன்னால் பாதி, பின்னால் பாதி. இரண்டையும் ஒருசேரப் பிடித்தால்தான் 'ஒ'. ஒரே பார்வையில் எத்தனை எழுத்தைப் பிடிக்க முடியும் என்பதிலேயே சிலருக்குக் குறுக்கம் இருக்கிறது என்பது பிரான்சில் வால்துவா என்ற ஆராய்ச்சியாளர் நெடுநாளாகச் சொல்வது. அப்படிப்பட்டவனிடம் முதல் வாரத்திலேயே 'கொக்கு' கொண்டுபோய் நீட்டக் கூடாது. 'க' என்ற ஒரே எழுத்து 'கல்'லில் ஒரு மாதிரியும் 'பகல்'லில் ஒரு மாதிரியும் 'தங்கம்' என்பதில் வேறு மாதிரியும் ஒலிப்பதை அவனுக்குச் சொல்லவே வேண்டாம். பேச்சு தெரிந்த பையன், வாய் தானே சரியாகச் சொல்லிக்கொள்ளும். ண-ன, ல-ள வித்தியாசம் எழுதும்போது வரும்; எனக்கே இன்னும் வரவில்லை, அவசரமில்லை.

அம்மா முழுசாகக் கேட்டாள். 1978-ல் எழுத்தைச் சீர்திருத்தியபோது அவள் படித்த பழைய லை, னை, ணை எல்லாம் போய்ப் புது வடிவம் வந்ததை இன்னும் ஒரு குறையாகச் சொல்பவள் அவள். "கல், மரம் சரி. கும்மியும் சரி. ஆனா அ, ஆ, இ, ஈ சொல்லாம நேரா 'கல்'லுக்குப் போறதா? எந்த ஊர் நியாயம் இது?" என்றாள். ஆயாவும் பேரனும் அட்டவணையின் முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் காலண்டர் தாளால் மூடுவது என்று இப்போதைக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. 'ஔ'வையும் மூட வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.